எல்லாத் தெருக்களிலும் வலம் வந்த தேர்

திருவள்ளூர்
20-6-2025

அன்புத் தங்கை மெர்சிக்கு,

மாதா உன்னையும் ஜோஷ்வாவையும் நிழலில் வைத்துக் காப்பாளாக. இங்கே நானும் உன் அண்ணி ஏஞ்சலினும் இருக்கிறோம். அவளுக்கு முழங்கால், எனக்குக் காது. வலது காது இனி அவ்வளவுதான், இடதும் பாதிதான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். போனில் நீ பேசுவது எனக்குக் கேட்பதில்லை, நான் பேசுவது தெருவுக்கே கேட்கிறதாம். அண்ணி திட்டுகிறாள். அதனால் பழையபடி கடிதம்.

விஷயம் சந்தோஷமானது. சமய இதழாளர் நல்லிணக்கப் பேரவை என்று ஒன்று இருக்கிறது. இந்த வருடம் அவர்களுடைய வாழ்நாள் சேவை விருது எனக்குத்தான். அக்டோபர் 12, ஞாயிறு மாலை, இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. பெருமாள் கோயில் தெப்பம், தர்கா சந்தனக்கூடு, மாதா கோயில் கொடியேற்றம் என்று எதையும் விடாமல் நாற்பது வருடம் பேப்பரில் எழுதினேன் அல்லவா, ரிட்டயர் ஆன பிறகும் திருவிழாச் செய்திகளை நான்தானே கொடுக்கிறேன், அதற்காக. கோயில் வாசலில் பராசரன் பட்டர் என்னை நிறுத்தி, "உம்ம பேனாவுக்கு மதம் கிடையாதுங்காணும்" என்றார். அது மட்டும் நன்றாகக் கேட்டது.

என் பெயரைச் சிபாரிசு செய்தது யார் தெரியுமா? நம் ஊர்ப் பங்குத்தந்தை. இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தாராம். நீயும் ஜோஷ்வாவும் முதல் வரிசையில் உட்கார வேண்டும். உன் பிள்ளையை இப்போதே லீவு சொல்லி வைக்கச் சொல்.

அண்ணன்,
ஆசீர்வாதம்


கும்மிடிப்பூண்டி
2-7-2025

பாசமுள்ள அண்ணனுக்கு மெர்சி எழுதுவது.

நாங்கள் சுகம். அண்ணிக்குக் கால் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடத்தை விடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டேன். ஜோஷ்வாவுக்கு ஒரே குஷி. கம்பி கம்பெனியில் கூட வேலை செய்கிறவனிடம், "எங்க மாமாவுக்கு அவார்டு குடுக்கறாங்கடா, நீ இன்னா பெரிய இது" என்று சண்டை வேறு போட்டானாம். இத்தனை வருடமாகச் சாமிகளைப் பற்றி எழுதினீர்கள். ஒரு சாமியாவது கண்ணைத் திறந்ததே என்று நானும் சந்தோஷப்பட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், தங்கச்சி கேலி செய்யாமல் வேறு யார் செய்வது?

ஒன்று கேட்கிறேன். செப்டம்பர் 7 நம் மாதா தேர். நீங்களும் நானும் பிறந்த காலனித் தெருவுக்குள் அந்தத் தேர் ஒரு வருடம்கூட வந்ததில்லை. டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வந்து திரும்பிவிடும். கோயில் கட்ட மண் சுமந்தது நம் நைனா. கேட்டால், "உங்க தெருவுல ஒயர் தாழ்வா கீது, தேர் இடிக்கும்" என்பார்கள். இந்த வருடம் ஜோஷ்வாவும் அவன் சிநேகிதர்களும் மின்வாரிய ஆபீசுக்கு அலையாய் அலைந்து புதுக் கம்பம் போட்டு ஒயரைத் தூக்கிவிட்டார்கள். இனி என்ன சொல்வார்கள் என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் அன்றைக்கு வாருங்கள். நம் தெருவில் நின்று பாருங்கள். தேர் வந்தால் வந்தது என்று எழுதுங்கள், வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

மெர்சி


திருவள்ளூர்
19-7-2025

அன்புள்ள மெர்சிக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். காதுக்குச் சொட்டு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கொய்யென்று ஒரு சத்தம்தான் புதிதாகச் சேர்ந்தது.

நீ எழுதியது மனதில் இருக்கிறது. ஆனால் எங்கள் தொழிலைப் பற்றி உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருவிழாச் செய்தியைத் திருவிழா பார்த்துவிட்டு யாரும் எழுதுவதில்லை. தேர் நிலைக்கு வரும்போது மணி பத்து, அதற்குள் பக்கம் முடிந்துவிடும். அதனால் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிடுவோம். போன வருடத்துச் செய்தியை எடுத்து, தேதியையும் வந்திருக்கும் ஆயர் பெயரையும் மாற்றினால் ஆயிற்று. ஒரு தடவை ஓர் ஊரில் அடைமழை, தேர் கொட்டகையை விட்டே கிளம்பவில்லை. காலையில் பேப்பரைப் பார்த்தால் பல்லாயிரம் பேர் வடம் பிடித்திருக்கிறார்கள். இன்றைக்கும் ஆபீசில் சொல்லிச் சிரிப்பார்கள். தேர் என்றால் போகும், அதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது?

வர முயற்சி செய்கிறேன். வராவிட்டாலும் காலனியை விட்டுவிட மாட்டேன். அதை என்னிடம் விட்டுவிடு. ஜோஷ்வாவை மட்டும் கொஞ்சம் நிதானமாக இருக்கச் சொல். பங்குத்தந்தை நல்ல மனிதர், அவரைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம்.

ஆசீர்வாதம்


கும்மிடிப்பூண்டி
10-8-2025

அன்பான அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சொட்டு மருந்தைப் படுத்துக்கொண்டு விட வேண்டும், உட்கார்ந்தபடி விட்டால் எப்படி உள்ளே போகும்? அண்ணியை விடச் சொல்லுங்கள்.

ஒயர் போனதும் பள்ளம் வந்தது. "உங்க தெருவுல ரோடு சரியில்லை, சக்கரம் எறங்கிடும்" என்றார்களாம் கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவையில். சரி என்று பிள்ளைகள் கம்பெனியில் கேட்டு, உலையிலிருந்து கொட்டுகிற கசடை டிராக்டரில் கொண்டுவந்து பள்ளத்தையெல்லாம் மூடிவிட்டார்கள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து மண்வெட்டி பிடித்தான் ஜோஷ்வா. இப்போது ஊர்த்தெருவைவிட எங்கள் தெரு நன்றாக இருக்கிறது. லாரியே போகும்.

பொம்பளைகள் ஆளுக்கு ஒரு முழம் பூ என்று பேசி வைத்திருக்கிறோம். கண்ணே சரியாகத் தெரியாத முத்தம்மா அத்தை, "தேர் நம்மூட்டு வாசலுக்கு வந்தா மட்டும் கையப் புடிச்சி இட்னு போய் நிறுத்துங்கடி" என்று கேட்கிறாள். நீங்கள் எந்த வண்டியில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள். ஜோஷ்வா ஸ்டேஷனுக்கு வருவான்.

எனக்குப் பயமாகவும் இருக்கிறது அண்ணா. நீங்கள் அங்கே நின்றால் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

மெர்சி


திருவள்ளூர்
4-9-2025

அன்புள்ள மெர்சிக்கு,

சுகம், சுகமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. விருது மலருக்குக் கட்டுரை கேட்டார்கள், போட்டோ கேட்டார்கள், பழைய செய்திகளைத் தேடி எடுப்பதிலேயே நாள் போய்விட்டது.

7-ஆம் தேதி வர முடியாது போலிருக்கிறது. அன்று விருதுக்காரர்கள் மலருக்காகப் பேட்டி எடுக்க வீட்டுக்கு வருகிறார்கள். தேதியை மாற்றக் கேட்டால் நன்றாக இருக்காது.

நீ வருத்தப்படாதே. நம் ஊர்ச் செய்தியை நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை பேப்பர் வாங்கிப் பார். உன் மனசு குளிரும்.

ஆசீர்வாதம்


கும்மிடிப்பூண்டி
9-9-2025

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை.

ஜோஷ்வாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனோடு இன்னும் ஐந்து பிள்ளைகள். புழல் ஜெயிலில் வைத்திருக்கிறார்கள்.

தேர் டிரான்ஸ்பார்மர் வரைக்கும் வந்தது. எப்போதும் போலத் திருப்பினார்கள். பிள்ளைகள் மெழுகுவர்த்தியோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். அவ்வளவுதான் செய்தார்கள், நான் பத்தடி தள்ளித்தான் நின்றேன். ஜோஷ்வா கையெடுத்துக் கும்பிட்டு, "பாதர், ஒயரத் தூக்கியாச்சி, பள்ளத்த மூடியாச்சி, இன்னும் இன்னா கொற? சொல்லுங்க, அதயும் செய்றோம்" என்று கேட்டான். பாதர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வடம் பிடித்தவர்கள் இவர்களைக் காலால் தள்ளினார்கள். எங்கிருந்தோ ஒரு கல் வந்து தேரில் கட்டியிருந்த டியூப்லைட் உடைந்தது. யார் எறிந்தார்கள் என்று மாதாவுக்குத்தான் தெரியும். போலீஸ் வந்தது. தேர் திரும்பிப் போய்விட்டது. முத்தம்மா அத்தை வாசலில் பூவோடு நின்றுகொண்டே இருந்தாள். தேர் போய்விட்டது என்று அவளிடம் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் பேப்பர் வந்தது. "அன்னையின் அலங்காரத் தேர் காலனி உட்பட எல்லாத் தெருக்களிலும் வலம் வந்தது. மக்கள் வேறுபாடின்றித் திரண்டு மலர் தூவி வரவேற்றனர்." போன வருடங்களில் முக்கியத் தெருக்கள் என்றுதான் வரும். காலனி உட்பட என்று இந்த வருடம்தான் வந்திருக்கிறது. நான் கேட்டதற்காகச் சேர்த்தீர்களா?

பங்குப் பேரவைக்காரர்கள் போலீஸில் கொடுத்த புகார் என்ன தெரியுமா? தேர் காலனித் தெருவுக்குள் வந்ததாம். வந்த தேரை இந்தப் பிள்ளைகள் மறித்துக் கல்லால் அடித்தார்களாம்.

மெர்சி


கும்மிடிப்பூண்டி
24-9-2025

அண்ணனுக்கு மெர்சி எழுதுவது.

போன கடிதம் கிடைத்ததா? இரண்டு வாரம் ஆகிறது. போன் போட்டேன், அண்ணிதான் எடுத்தார்கள். நீங்கள் தூங்குவதாகச் சொன்னார்கள். பகல் பதினொரு மணிக்கு நீங்கள் தூங்கி நான் பார்த்ததில்லை.

ஜாமீன் தள்ளுபடி ஆகிவிட்டது. எங்கள் வக்கீல், தேர் அந்தத் தெருவுக்கு வரவே இல்லை, வராத தேரை எப்படி அடிப்பார்கள் என்று கேட்டார். அரசு வக்கீல் பேப்பரை எடுத்து நீட்டினார். எழுதியவர் யார், குற்றவாளியின் சொந்தத் தாய்மாமன் என்றும் சொன்னார். ஜட்ஜம்மா வாங்கிப் படித்தார்கள்.

பார்க்கப் போனபோது ஜோஷ்வா சொன்னான், "மாமா வேணும்னு எய்தியிருக்க மாட்டாரும்மா. நீ அவரப் பேஜாரு பண்ணாத." உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் அவனுக்கு வரவில்லை. அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அண்ணா, இரண்டு வரி போதும். "7-ஆம் தேதி தேர் காலனித் தெருவுக்குச் செல்லவில்லை. செய்தி முன்கூட்டியே எழுதப்பட்டது." இதைப் பேப்பரில் போடுங்கள். அடுத்த ஜாமீன் மனுவோடு வைத்துவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார். கம்பெனியில் ஒரு மாதம் பார்ப்பார்கள், அதற்குமேல் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். கான்ட்ராக்ட் வேலை, உங்களுக்குத் தெரியாததா?

மெர்சி


திருவள்ளூர்
30-9-2025

அன்புள்ள மெர்சிக்கு,

நீ எழுதியதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. அண்ணிதான் கடிதம் எழுத விடவில்லை.

உன் சந்தோஷத்துக்காகத்தான் அந்த வார்த்தையைச் சேர்த்தேன். பேப்பரில் ஒரு தடவை வந்துவிட்டால், அடுத்த வருடம் அவர்களே வெட்கப்பட்டுத் தேரை உள்ளே விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். நல்லது நினைத்துத்தான் செய்தேன்.

திருத்தம் போடுவது நீ நினைக்கிற மாதிரி இல்லை. செய்திப் பொறுப்பாளர் வரதனிடம் பேசினேன். "சார், பன்னெண்டாந்தேதி உங்களுக்கு அவார்டு. அதுக்கு முன்னாடி நீங்க பார்க்காம எழுதினீங்கன்னு நாமளே போட்டா நல்லாவா இருக்கும்?" என்றான். பாவம், என் மேல் உள்ள மரியாதையில் சொல்கிறான். பங்குத்தந்தையும் விழாவுக்கு வருகிறார். அப்போது நேரில் பேசுகிறேன். பன்னிரண்டு நாள்தான். விழா முடிந்த மறுநாள் நானே எழுதிக் கொடுக்கிறேன். எழுதாவிட்டால் என்னை அண்ணன் என்று கூப்பிடாதே.

பொறுமையாக இரு. ஜோஷ்வாவுக்காக ஜெபிக்கிறோம்.

ஆசீர்வாதம்


கும்மிடிப்பூண்டி
4-10-2025

அண்ணனுக்கு,

9-ஆம் தேதி தாசில்தார் ஆபீசில் சமாதானக் கூட்டம். பங்குப் பேரவைக்காரர்கள் வருகிறார்கள். அதற்கு முன்னால் அந்த இரண்டு வரி வந்துவிட்டால் எங்கள் கையில் பேச ஏதாவது இருக்கும். வராவிட்டால் அவர்கள் சொல்வதற்குத் தலையாட்ட வேண்டியதுதான்.

பன்னிரண்டு நாள் உங்களுக்குத்தான் பன்னிரண்டு நாள். உள்ளே இருக்கிறவனுக்கு அப்படி இல்லை.

மேடையில் எங்களுக்காகப் பேச வேண்டாம். பாதரிடம் சண்டை போட வேண்டாம். உங்கள் விருதும் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். 9-ஆம் தேதிக்கு முன்னால் இரண்டு வரி. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மெர்சி


திருவள்ளூர்
14-10-2025

அன்புத் தங்கை மெர்சிக்கு,

உங்கள் எல்லோருடைய ஜெபத்தாலும் விழா நல்லபடியாக முடிந்தது. மண்டபம் நிறைந்துவிட்டது. பட்டரும் வந்திருந்தார், தர்காவிலிருந்தும் வந்திருந்தார்கள். அவர்களும் பங்குத்தந்தையுமாக மூன்று பேரும் சேர்ந்து சால்வை போட்டார்கள். கேடயம் நல்ல கனம், உன் அண்ணியால் தூக்க முடியவில்லை. முதல் வரிசையில் உங்கள் இரண்டு நாற்காலியையும் கடைசிவரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன்.

பங்குத்தந்தை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் தனியாகப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் பேசும்போது என் செய்தி ஒன்றைப் படித்துக் காட்டினாராம். என்ன செய்தி என்று எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் எழுந்து கும்பிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஏஞ்சலின் சொன்னாள், அது நம் ஊர்த் தேர்ச் செய்தி என்று. அப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். திருத்தம் எழுதிவிட்டேன். நீ சொன்ன அதே இரண்டு வரி, கீழே என் பெயர். வரதன் முகத்தைச் சுளித்தான், பரவாயில்லை. உன் பதில் வந்ததும் கொடுத்துவிடுகிறேன். வார்த்தை ஏதாவது மாற்ற வேண்டுமா என்று வக்கீலைக் கேட்டு உடனே எழுது. ஜோஷ்வா வெளியே வந்ததும் நாம் எல்லோரும் ஒரு நாள் சேர்ந்து சாப்பிட வேண்டும்.

ஆசீர்வாதம்


கும்மிடிப்பூண்டி
18-10-2025

அண்ணனுக்கு மெர்சி எழுதுவது.

ஜோஷ்வா வீட்டுக்கு வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். சோறு போட்டால் பாதியில் எழுந்துவிடுகிறான்.

விழா வீடியோவைப் பக்கத்து வீட்டு ஜெபா போனில் காட்டினாள். கும்மிடிப்பூண்டி அருகே விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் என்று உங்களைச் சொன்னார்கள். கூலிக்கு நாற்று நட்டதும் விவசாயம்தான், சொல்லிக்கொள்ளட்டும். பாதர் அந்தச் செய்தியைப் படித்ததையும் கேட்டேன். நீங்கள் எழுந்து கும்பிட்டதையும் பார்த்தேன். ஜோஷ்வா பார்க்கவில்லை. தலையணையில் முகத்தை வைத்துப் படுத்திருந்தான்.

9-ஆம் தேதி என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் ஜாமீனுக்கு நாங்கள் மறுப்புச் சொல்ல மாட்டோம் என்றார்கள் பங்குப் பேரவைக்காரர்கள். எங்கள் கையில் பேச எதுவும் இல்லை. கடிதத்தை அவர்களே தயார் செய்து வைத்திருந்தார்கள். "அன்னையின் தேர் எங்கள் காலனித் தெருவுக்கு வந்தது உண்மை. வந்த தேரை மறித்தது எங்கள் தவறு." ஜெயிலுக்குள் போய் ஆறு பிள்ளைகளிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஐந்து பேர் உடனே போட்டுவிட்டார்கள். ஜோஷ்வா மாட்டேன் என்றான். நான்தான் போய் அழுது போடவைத்தேன். "தேர் வர்ல இல்லம்மா, நீ கூடத்தான பார்த்த?" என்று கேட்டான். போடுடா என்றேன்.

கம்பெனியிலும் அந்தக் கடிதத்தின் நகலைத்தான் கேட்டார்கள். கொடுத்த பிறகு தீபாவளி கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் அந்தத் திருத்தத்தைக் கொடுக்காதீர்கள். வக்கீலிடம் கேட்டேன், அவரும் அதைத்தான் சொன்னார். தேர் வரவில்லை என்று இப்போது நீங்கள் போட்டால், என் பிள்ளை பொய்யாக எழுதிக் கொடுத்தான் என்று ஆகும். ஜாமீனுக்கும் சிக்கல், வேலைக்கும் சிக்கல். அன்றைக்கு எழுதுங்கள் என்று காலைப் பிடித்தேன். இன்றைக்கு எழுதாதீர்கள் என்று அதே காலைப் பிடிக்கிறேன். உங்கள் பெயருக்கும் அதுதான் நல்லது.

நீங்கள் எழுதியபடியே இருக்கட்டும் அண்ணா. இனிமேல் எங்கள் தெருவுக்குத் தேர் வரவில்லை என்று யார் சொன்னாலும், வந்தது என்று முதலில் சொல்ல வேண்டியவன் என் பிள்ளைதான்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

மெர்சி